வண்டிய எடுங்க என்று கத்தியவன் நான்தான்

ஆலங்குடிப் பக்கம் எங்கள் பெரியப்பாவைக் கட்டுவிரியன் கடித்த ராத்திரி, 108-ல் வந்த பெண்ணிடம் முதலில் கத்தியவன் நான்தான். "என்னம்மா கதை கேட்டுக்கிட்டு இருக்கீங்க, வண்டிய எடுக்கச் சொல்லுங்க!" அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஐயா, கண்ண நல்லாத் தொறங்க. நாக்க நீட்டுங்க. தலைய மட்டும் தூக்குங்க பார்ப்போம்." மொத்தமே இரண்டு நிமிடம் இருக்கும்.

அந்த இரண்டு நிமிடத்தில் அவர் என்ன செய்தார் என்பது பிறகுதான் புரிந்தது. கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. இமை சரியும், பேச்சு குழறும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சுத் தசைகள் ஓயும். அவர் தேடியது இந்த அறிகுறிகளை. இமை இறங்கத் தொடங்கியிருந்தது. அதனால், நாங்கள் கேட்ட தஞ்சாவூர் தனியார் ஆஸ்பத்திரி வேண்டாம், விஷமுறிவு மருந்து இருக்கிற பக்கத்து அரசு மருத்துவமனை போதும் என்று முடிவெடுத்தார். வழியில் மூச்சு நின்றால் கொடுக்க ஆம்பு பையைக் கையிலேயே வைத்திருந்தார்.

'நிமிஷம் முக்கியம் இல்லையா?' முக்கியம்தான். திருமயம் ரோட்டில் விபத்து நடந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவருக்கு, அங்கேயே நின்று செய்ய அதிகம் இல்லை. அங்கே வேகம்தான் வைத்தியம். ஆனால் ஒருவர் மயங்கிக் கிடக்க, 'குடிச்சிருக்கான்' என்று ஊரே ஒதுங்கும்போது, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை இறங்கியிருப்பதைக் கண்டுபிடிக்க ஒருவர் நின்றாக வேண்டும். ஓடுவதா நிற்பதா என்பதே பார்த்த பிறகுதானே தெரியும்?

நான் சாஃப்ட்வேர் ஆள். சர்வர் விழுந்ததும் லாக் பார்க்காமல் ரீஸ்டார்ட் அடிக்கிறவனைத் திட்டுவேன். மனுஷன் விழுந்தபோது அதையேதான் செய்யச் சொன்னேன்.

என்னைப் போன்றவர்கள் மட்டும் குற்றவாளிகள் இல்லை. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய இந்தச் சேவை அரசுடையது; நடத்துவது ஒப்பந்த நிறுவனம்; உள்ளே இருப்பவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. 12 மணி நேர வேலையை 8 ஆக்குங்கள் என்று அவர்கள் போராடினால், நாம் கேட்பது 'அப்ப வண்டி வராதா?' என்பது மட்டும்தான். 2021-ல் வந்த இணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவ நுட்புனர்களையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. சட்டத்துக்கு அவர்கள் மருத்துவத் தொழிலர்கள். நமக்கு இன்னும் 'வண்டியில வர்றவங்க'. தூக்கம் கெட்ட கண்ணோடு சரியான முடிவு எடுக்கச் சொல்வதும், தப்பினால் அடிக்கப் பாய்வதும் என்ன நியாயம்?

அடுத்த முறை வண்டி வந்தால் விலகி நில்லுங்கள். எப்போது கடித்தது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கத்தாதீர்கள்.

பெரியப்பா பிழைத்தார். நாலாம் நாள், "அந்தப் புள்ள பேரு என்னப்பா?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவே இல்லை.