விகுதியைப் பழிப்போரும் பட்டியலை விழுங்குவோரும்

சொல்லாட்டம் ஆடுவோரிடையே ஒரு பழிச்சொல் வெகுகாலமாக உலவி வருகிறது. ஸ்க்ரபிள் பலகையிலே ஒருவர் அன்றாட வழக்கில் அதிகம் கேட்டிராத விகுதி கொண்ட சொல் ஒன்றை வைத்துவிட்டால், அல்லது இலத்தீன் பன்மை ஒன்றை இறக்கிவிட்டால், "இதுவும் ஆங்கிலமா? வீட்டில் யார் இப்படிப் பேசுகிறார்கள்?" என்று முகஞ்சுளிப்போர் உளர். வித்தை காட்டல் என்பர் சிலர். குறுக்குவழி என்பர் வேறு சிலர். இவ்விரண்டையும் நான் மறுக்கிறேன். அரிய விகுதிகளையும் இலத்தீன் வேர்களையும் கையாள்வது நேர்மையான ஆட்டம். கண்டிக்கத்தக்க வழக்கம் வேறொன்று உண்டு. அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். ஸ்க்ரபிளை உருவாக்கிய அல்பிரட் பட்ஸ் ஓர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். 1930களின் பொருளாதார மந்தத்தில் தொழிலிழந்திருந்த அவர், நியூயோர்க் டைம்ஸ் முதலான பத்திரிகைப் பக்கங்களை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தும் எத்தனை தடவை வருகிறது என எண்ணி, அதற்கேற்ப எழுத்து வில்லைகளின் தொகையை வகுத்தார். 100 வில்லைகளில் 'ஈ' 12, 'ஏ' 9, 'ஐ' 9. ஆனால் 'எஸ்' வெறும் 4. ஆங்கிலத்தில் எஸ் மிகுதியாக வரும் எழுத்து என்பதை எண்ணிப் பார்த்தவருக்கா தெரியாது? எந்தப் பெயரோடும் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிப் புள்ளி சேர்ப்பது மிக எளிதாகிவிடும் என்பதால் வேண்டுமென்றே குறைத்தார். நியூயோர்க் டைம்ஸ் நாளேடு நடத்தும் 'ஸ்பெல்லிங் பீ' புதிரோ எஸ் எழுத்துக்கு இடமே தருவதில்லை.

எளிய கதவு அடைக்கப்பட்டால் ஆடுபவர் வேறு கதவைத் தேடத்தான் செய்வார். 'அலும்னஸ்' என்பதன் பன்மை 'அலும்னை'; ஈற்றில் ஐ. 'லார்வா' என்பதன் பன்மை 'லார்வே'. ஈற்றில் ஏயும் ஈயும். கையில் உயிரெழுத்துகளாகவே குவிந்து திணறும்போது இவ்விகுதிகள் கைகொடுக்கின்றன. இதில் குறுக்குவழி எங்கே இருக்கிறது? ஆட்டத்தை வகுத்தவரே திறந்து வைத்த வழி அல்லவா இது?

"ஆனாலும் அது இலத்தீன் அல்லவா, ஆங்கிலம் இல்லையே" என்பது அடுத்த ஆட்சேபம். அப்படியானால் அலுவலகக் கூட்டத்துக்குப் போகும் ஒருவர் 'அஜெண்டா' கேட்பதை நிறுத்த வேண்டும். அது 'செய்யப்பட வேண்டியவை' என்னும் இலத்தீன் பன்மை. எங்கள் தொழிலுக்கு இன்று இடப்பட்டிருக்கும் 'மீடியா' என்ற பெயரும் 'மீடியம்' என்பதன் பன்மையே. 'ரிப்போர்ட்டர்' என்பதை உடைத்துப் பாருங்கள்: 'ரி' என்றால் திரும்ப, 'போர்ட்' என்றால் சுமத்தல். போய்க் கண்டதைத் திரும்பச் சுமந்து வந்து தருபவர் எவரோ அவரே நிருபர். அந்த ஒரு வேரை அறிந்தவனுக்கு ஏற்றுமதி, இறக்குமதி, போக்குவரத்து ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் தாமாகவே அவிழ்கின்றன.

எல்லாவற்றினும் வியப்பானது நாம் நாள்தோறும் ஏறி இறங்கும் பஸ். 'ஒம்னிபஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'எல்லோருக்கும்' என்று பொருள். அதன் வாலை மட்டும் வெட்டியெடுத்து வாகனத்துக்குப் பெயராக்கினர். தமிழிலே 'எல்லோருக்கும்' என்பதிலிருந்து 'க்கும்' என்பதை மட்டும் பிரித்தெடுத்து வண்டிக்குச் சூட்டியதற்கு ஒப்பானது இது! விகுதியெல்லாம் வித்தை என்று பழிப்போர் ஒரு விகுதியில் ஏறித்தான் வேலைக்குப் போய் வருகின்றனர்.

வேரறிவு தற்பெருமைக்கு உரியதன்று. பிழை தவிர்ப்பதற்கு உரியது. 'அஸ்' என்று முடியும் சொற்களை எடுத்துக்கொள்வோம். 'அலும்னஸ்' ஐ பெற்றுப் பன்மையாகும். 'ஜீனஸ்' அப்படியன்று, அது 'ஜெனரா' ஆகும். 'வைரஸ்' என்பதற்கோ பழைய இலத்தீனில் பன்மை வழக்கே காணப்படவில்லை. ஆங்கில முறைப்படி 'வைரஸஸ்' என்பதே சரி. 'இக்னோரேமஸ்' பெயர்ச்சொல்லே அன்று. 'நாங்கள் அறியோம்' என்னும் வினைமுற்று. சான்று போதாத குற்றப்பத்திரத்தின் மீது ஆங்கில நாட்டு ஜூரிகள் எழுதிவந்த குறிப்பு அது. 1615இல் கேம்பிரிட்ஜில் ஜோர்ஜ் ரகிள் அரங்கேற்றிய நாடகத்தில் ஒரு வழக்கறிஞருக்கு அப்பெயர் வைக்கப்பட்ட பின்னரே அது அறிவிலியைக் குறிக்கலாயிற்று. வினைமுற்றுக்கு ஐ சேர்த்துப் பன்மை காண்பவர் தம் அறியாமையையே பறைசாற்றுகிறார்.

இனி, கண்டிக்க வேண்டியதற்கு வருகிறேன். அது பொருளறியாது பட்டியலை விழுங்கும் வழக்கம்.

என் வாதத்துக்கு எதிராக எடுத்துக்காட்டக்கூடிய மிகப் பெரிய பெயர் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூசிலாந்தைச் சேர்ந்த இவர் 2015இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ரபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழிப் பட்டத்தையும் வென்றார். இரு மொழிகளையும் அவர் பேசுவதில்லை! சொற்பட்டியலை மனத்தில் ஏற்றிக்கொண்டார், வென்றார். ஆகவே வெற்றிக்குப் பொருளறிவு தேவையில்லை என்பர். உண்மைதான். அதுமட்டுமன்று, பொருளறிவு சிலவேளை இடையூறாகவும் முடியும். 'ஒக்டோபஸ்' கிரேக்க வேருடையது. 'ஒக்டோபை' என்பது இலத்தீன் என நினைத்து ஒட்டப்பட்ட போலிப் பன்மை. ஆனால் போட்டிப் பட்டியல் அதனையும் ஏற்கிறது. இலக்கணம் தெரிந்தவர் ஆட்சேபம் எழுப்பினால் அவருக்கே தோல்வி.

இதனை நான் ஒளிக்கவில்லை. பட்டியல் ஆட்டத்தின் நீதிபதி. மொழியின் நீதிபதி அன்று. ரிச்சர்ட்ஸின் நினைவாற்றல் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. அவரை வியக்கலாம், அவரைப் பார்த்து நம் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கலாமா? கொழும்பானாலும் ரொறன்ரோவானாலும், ஆங்கிலச் சொற்போட்டிக்கென்று தாள் தாளாகப் பட்டியல் கொடுத்து ஒப்புவிக்கச் சொல்லும் பெற்றோரும் ரியூசன் ஆசிரியரும் நம்மவரிடையே உளர். கேட்டால் ஒப்புவிக்கும், பொருள் கேட்டால் விழிக்கும் பிள்ளை போட்டி முடிந்த மறுமாதம் எல்லாவற்றையும் மறந்துவிடும். எஞ்சுவது என்ன? ஒரு கேடயம்.

தமிழ்ப் பிள்ளைக்கு இக்கதி நேர்வதுதான் பெருங்கொடுமை. 'நடந்தனன்' என்ற ஒரு சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று ஆறு உறுப்புகளாகப் பிரித்துக் காட்டும் மரபு நம்முடையது. நன்னூல் படித்தவனுக்கு இலத்தீன் விகுதிகள் அந்நியமானவை அல்ல. தன் பழைய விகுதிகளுட் பெரும்பாலானவற்றை இழந்துவிட்ட ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையைவிட, வேற்றுமை உருபோடு வளர்ந்த நம் பிள்ளை 'ஒம்னிபஸ்' என்பதன் வாலை விரைவாக விளங்கிக்கொள்ளும். கையிலே சாவியை வைத்துக்கொண்டு பூட்டை உடைக்கப் பழக்குகிறோம்.

ஆகவே பழிப்போருக்குச் சொல்வேன்: விகுதியை வைப்பவரிடம் அதன் பொருளைக் கேளுங்கள், அவர் சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொண்டு புள்ளியை எழுதுங்கள். பட்டியல் கொடுப்போருக்குச் சொல்வேன்: நாளொன்றுக்கு 100 சொல் வேண்டாம். ஒரு வேரையும் ஒரு விகுதியையும் பொருளோடு கொடுங்கள். போட்டியில் பிள்ளை தோற்றாலும் அவை அதனுடனேயே இருக்கும்.