நீங்க எந்த நாட்டு வரிக்காரரு?

துபாய்ல பேங்க் கணக்கு ஆரம்பிச்ச நம்மாளுங்க எல்லாருக்கும் இந்த பாரம் பழக்கமா இருக்கும். உங்கள் வரி வதிவிடம் எந்த நாடு? வரி அடையாள எண் என்ன? அவ்ளோதான் கேள்வி. நம்மாளு என்ன பண்ணுவாரு? பாஸ்போர்ட்ட மனசுல நெனச்சுக்கிட்டு 'இந்தியா'ன்னு எழுதி, பான் நம்பரையும் போட்டு, கையெழுத்து போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவாரு.

மக்கா, அது பாஸ்போர்ட் கேள்வி இல்ல! குடியுரிமைய வெச்சு வரி கேக்குறது அமெரிக்கா மாதிரி ஒண்ணு ரெண்டு நாடுங்கதான். மத்த எடத்துல பெரும்பாலும் எங்க எத்தன நாள் இருந்தீங்கங்கிறதுதான் கணக்கு.

2014-ல ஓ.இ.சி.டி. கொண்டு வந்த சி.ஆர்.எஸ். விதிப்படி, நீங்க 'இந்தியா'ன்னு எழுதினா உங்க கணக்குல இருக்குற பாக்கி, வட்டி எல்லாம் வருஷா வருஷம் டெல்லிக்குப் போகும். இந்தியா 2017-லேர்ந்து இந்த ஆட்டத்துல இருக்கு. 2024 நவம்பர்ல நம்ம வருமான வரித்துறை, வெளிநாட்டு சொத்தைக் காட்டலையான்னு இந்த விவரத்த வெச்சுதான் பலருக்கும் எஸ்.எம்.எஸ்., மெயில் அனுப்பிச்சு. ரெசிடெண்டா இருந்து காட்டாம விட்டா பத்து லட்சம் அபராதம் போட 2015 கருப்புப் பணச் சட்டத்துல எடம் இருக்கு. உண்மையான என்.ஆர்.ஐ. அந்தப் பட்டியலை நிரப்பவே வேணாம். ஆனா தப்பா ஒரு டிக் அடிச்சா, விளக்கம் சொல்ற வேலை அவர் தலையிலதான்.

கூத்து என்னன்னா, சில சமயம் 'இந்தியா'தான் சரியான பதில். டிசம்பர் 1-ந்தேதி ப்ளைட் ஏறினவர எடுத்துக்குங்க. ஏப்ரல்லேர்ந்து நவம்பர் முடிய 244 நாள் ஊர்ல இருந்திருக்காரு. நம்ம கோடு 182. ஸோ ஜனவரில கணக்கு ஆரம்பிக்கிறப்ப அவரு இந்திய ரெசிடெண்ட். ஏப்ரல் பொறந்து அந்த வருஷம் முழுக்க அங்கேயே இருந்தா பதில் மாறும், அதையும் பேங்குக்கு இவருதான் சொல்லணும். அதுலயும் ஒரு கொக்கி: இந்தியாவுல வர்ற வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேற எங்கயும் வரி கட்ட வேண்டியதில்லைன்னா, 2020-ல போட்ட விதிப்படி இந்தியக் குடிமகன ரெசிடெண்டாவே எடுத்துக்குவாங்க. துபாய்க்காரங்களுக்குன்னே அளவெடுத்து தச்ச சட்டை :-)

இதையெல்லாம் கவுன்ட்டர்ல கேட்டுப் பாருங்க. "வரி ஆலோசனை நாங்க சொல்லக் கூடாது சார்". சரிங்க, ஆனா தப்பானா பொறுப்பு என்னுதுன்னு கையெழுத்து மட்டும் வாங்குவீங்களா? நாடுங்களோட வரித்துறைங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்புற எக்ஸ்எம்எல் ஃபைலுக்கு பக்கம் பக்கமா வழிகாட்டி எழுதத் தெரியுது. ஃபார்மை நிரப்புற மனுஷனுக்கு ரெண்டு வரி போட முடியலயா? "ஏப்ரல்லேர்ந்து எந்த நாட்டுல எத்தன நாள்?"னு ஒரே ஒரு கட்டம் போட்டா பாதித் தப்பு நடக்காது.

கருப்புப் பணத்த புடிக்கணும், அதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா உலகம் பூரா கணக்கு கேக்குற அமெரிக்கா சி.ஆர்.எஸ்.ல இன்னும் சேரவே இல்ல. மாட்டுறது மட்டும் மாசச் சம்பளக்காரனா?

இன்னொண்ணு. ஊர்ல இருக்குற அப்பாவுக்கு அந்தக் கணக்குல பவர் ஆஃப் அட்டர்னி குடுத்திருந்தா, அதுவே இந்திய அடையாளமா எடுத்துக்கப்படலாம். பேங்க் சான்று கேட்டா அமீரகத்துல வரி வதிவிடச் சான்றிதழ் வாங்கலாம். ரெசிடென்ஸி விசாவோட வேலையோ வீடோ இருந்தா 2023 மார்ச்லேர்ந்து 90 நாள் போதும். பாஸ்போர்ட் முத்திரைய எல்லாம் ஸ்கேன் பண்ணி வெச்சுக்குங்க. ஈ-கேட்ல போறவங்களுக்கு முத்திரையே விழாது, அவங்க போர்டிங் பாஸ தூக்கிப் போடாதீங்க.