தாம்பரத்துக்கு எத்தனை எழுத்து?

‘தாம்பரம்’ என்ற சொல்லின் நீளத்தைப் பிஎச்பி என்ற நிரல்மொழியிடம் கேளுங்கள். அதன் ஸ்டிர்லென் என்ற கட்டளை 24 என்னும். அது பைட் கணக்கு. யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். எம்பி-ஸ்டிர்லென் 8 என்னும். துணைக்காலையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் 5 வேண்டுமென்றால் கிராஃபீம்-ஸ்டிர்லென்னைத் தேடிப் போக வேண்டும், அதுவும் சர்வரில் அதற்கான நீட்டிப்பு இருந்தால்தான். யூனிகோடை அடிப்படையிலேயே சேர்க்கப் பார்த்த பிஎச்பியின் ஆறாம் பதிப்பு 2010இல் கைவிடப்பட்டது. ஐந்துக்கு அடுத்து ஏழுதான் வந்தது. 2020இல் 8.0 வரும்வரை, பூஜ்யமும் ‘தாம்பரமும்’ சமம் என்று வேறு சாதித்துக்கொண்டிருந்தது!

ஆனாலும் சேலையூர்ப் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் இதைக் கிண்டல் செய்தால் நான் ஒப்பமாட்டேன். ரஸ்மஸ் லெர்டார்ஃப் 1995இல் வெளியிட்ட இந்த மொழியில்தான் வேர்ட்பிரஸும், தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் எழுதப்பட்டிருக்கின்றன. மலிவான ஹோஸ்டிங்கில் ஒரு கோப்பை ஏற்றினால் பக்கம் வந்துவிடும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தொடங்கி, முடிந்ததும் நினைவகத்தைக் காலி செய்துவிடுவதால், ஒருவரின் பக்கத்தில் நேர்ந்த கோளாறு பெரும்பாலும் அடுத்தவரைத் தொடாது. முடிச்சூர் சாலைக் கடைக்காரருக்கு இணையதளம் செய்துதர இதைவிடச் சிக்கனமான வழியை எனக்கு யாரும் இன்னும் காட்டவில்லை.