பேச்சை எழுத்தாக்கும் யந்திரமும் பயிர்த்தொழிற் படங்களும்

பயிர்த்தொழில் விஷயங்களைக் குடியானவர்களிடம் கொண்டு சேர்ப்பதில் வாய்ப்பேச்சுக்கு ஈடான சாதனம் வேறில்லை. 1960-களில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தார் ஆடுதுறை 27 என்னும் நெல்லின் சாகுபடி முறையை ஒலிபரப்பி வந்ததன் பயனாகத் தஞ்சைக் குடியானவர்கள் அந்நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டு வழங்கினர். 1967-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி 'கிருஷி தர்ஷன்' என்னும் தொலைக்காட்சி நிகழ்ச்சி டில்லியில் ஆரம்பமாயிற்று. இந்நாளில் விதை நேர்த்தி முதல் அறுவடை வரையில் எல்லா விஷயங்களும் கைப்பேசியிற் காணும் பேசும் படங்களாக வெளிவருகின்றன.

இவ்வளவு அனுகூலங்களும் காது கேட்போருக்கே உரியன. 2011-ம் வருஷத்துக் குடிக்கணக்கின்படி இந்தியாவில் கேள்விக் குறையுடையோர் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர். அவர்களில் ஏர் பிடிப்போரும் நாற்று நடுவோரும் உண்டு. பேசுபவரின் வாயசைவையும் கையிலுள்ள புட்டியையும் மாத்திரம் கண்டு, மருந்தின் அளவை அறிய மாட்டாமல் அவர்கள் திகைத்திருப்பது நியாயமன்று. 2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-வது பிரிவு, இத்தகையோருக்காக மின்னணுச் சாதனங்களில் சைகை மொழியும் எழுத்து வரிகளும் அமைவதற்கு அரசாங்கம் ஏற்பாடு செய்ய வேண்டுமென விதிக்கின்றது.

படத்தின் அடியில், பேச்சு நிகழும்போதே அதைச் சொல்லுக்குச் சொல் காட்டி, வேண்டாதபோது மறைத்துக் கொள்ளவும் கூடிய வரிகளே 'குளோஸ்டு கேப்ஷன்' எனப்படுவன. அமெரிக்காவில் 1972-ல் பாஸ்டன் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்று ஜூலியா சைல்டு என்னும் அம்மையாரின் சமையல் நிகழ்ச்சியை எழுத்து வரிகளோடு வெளியிட்டது. 1980-ம் வருஷம் மார்ச்சு மாதத்திலிருந்து, மறைத்து வைக்கக்கூடிய வரிகள் அங்கு முறையாக வழக்கத்துக்கு வந்தன. அக்காலத்தில் மனிதரே பேச்சைக் கேட்டு எழுதினர். அதற்கு வேண்டிய காலமும் செலவும் மிகுதி.

இப்பொழுது அவ்வேலையை யந்திரம் செய்கின்றது. 2009-ல் யூடியூப் நிறுவனத்தார் ஆங்கிலப் பேச்சுக்குத் தானே வரி அமைக்கும் முறையை வெளியிட்டனர். 2022-ல் வெளிவந்த 'விஸ்பர்' என்னும் யந்திர அமைப்பு, 6 லட்சத்து 80 ஆயிரம் மணி நேரப் பேச்சைக் கொண்டு பயிற்றப்பட்டது, தமிழையும் எழுதவல்லது. ஒரு நாள் வேலையைச் சில நிமிஷங்களில் முடித்துத் தருவதால், இம்முறையை இலாகாக்கள் கைக்கொள்ளுவது வரவேற்கத்தக்கதே. ஆனால் யந்திரம் எழுதித் தந்ததை எவரும் படித்துப் பாராமல் அப்படியே வெளியிடுவது பெருந்தவறாகும்.

அதன் காரணம் யந்திரம் வேலை செய்யும் விதத்திலேயே இருக்கின்றது. அது பேச்சைப் பொருளறிந்து கேட்பதில்லை. தான் முன்னர்ப் பயின்ற பேச்சுக்களைக் கொண்டு, இவ்வொலிக்குப் பெரும்பாலும் பொருந்தும் சொல் யாதென ஊகிக்கின்றது. மேற்சொன்ன பயிற்சிப் பேச்சில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். தமிழின் பங்கு சொற்பமே. அதிலும் கழனிப் பேச்சு எத்தனை இருந்திருக்கும்? ஆகவே அரிய சொல் வருமிடத்தில் யந்திரம் பழகிய சொல்லை இட்டு விடுதல் இயல்பு. லகர, ளகர, ழகரங்களைப் பலர் ஒன்றாகவே ஒலிப்பதால், 'தழைச்சத்து' 'தலைச்சத்து' ஆகலாம், 'களை' 'கலை'யாகலாம், 'குலை நோய்' 'கொலை நோய்' ஆகலாம். இவற்றைப் படிப்பவர் சிரித்துவிட்டுத் திருத்திக் கொள்வார். அளவிலும் எண்ணிலும் நேரும் பிழையோ அவ்வாறு சிரித்துத் தள்ளக்கூடியதன்று.

உதாரணமாக, நெல் வயலுக்குத் துத்தநாக சல்பேட்டு எக்டேருக்கு 25 கிலோ இடுமாறு சொல்லப்படுகின்றது. இது ஏக்கருக்கு 10 கிலோ ஆகும். விரைந்த பேச்சில் 'எக்டேர்', 'ஏக்கர்' என்னும் இரு சொற்களும் ஒன்றுபோல ஒலிக்கக் கூடும். எக்டேர் என்பது ஏக்கர் என வரியில் அமைந்துவிடின், குடியானவர் இரண்டரை மடங்கு உரத்தை வாங்கிக் கொட்டுவார். 'தெளிக்க வேண்டாம்' என்பது 'தெளிக்க வேண்டும்' என ஆனால் நேரும் கேட்டை விவரிக்க வேண்டுவதில்லை. அன்றியும், பேச்சே நிகழாத இடத்தில் யந்திரம் தானே வாக்கியங்களைப் புனைந்து எழுதுவதும் உண்டென்று 2024-ல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டியது.

யந்திரம் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக எழுதுகின்றதே, அது போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். இக்கணக்கு எவ்வாறு போடப்படுகின்றது என்பது கவனிக்கத்தக்கது. மாறிய சொல், விடுபட்ட சொல், மிகையாக நுழைந்த சொல் ஆகியவற்றைக் கூட்டி, பேசிய சொற்களின் மொத்தத் தொகையால் வகுப்பர். 'தெளிக்கவேண்டும்' என்று சேர்த்தெழுத வேண்டியதைத் 'தெளிக்க வேண்டும்' என்று பிரித்தெழுதினாலும் அக்கணக்கில் பிழையே. பத்துக் கிராம் நூறு கிராமாவது அதே கணக்கில் ஒரே ஒரு பிழைதான். முன்னதால் ஒரு நஷ்டமுமில்லை. பின்னதால் விதை கெடும், பணமும் வீணாகும். ஆதலால் வீதத்தை மட்டும் கண்டு திருப்தியடைவது, மூட்டையை எண்ணிவிட்டு நெல்லைப் பாராமல் விலை பேசுவதற்கு ஒப்பாகும்.

மேலும், இப்பிழையால் பெரிதும் பாதிக்கப்படுபவர் எவர்? காது கேட்பவர் வரியிற் குற்றம் கண்டால் குரலைக் கேட்டுத் தெளிவார். காது கேளாதவருக்கு அவ்வரியைத் தவிர வேறு சாட்சியில்லை. எவருடைய நன்மைக்காக இவ்வேற்பாடு செய்யப்பட்டதோ, அவரே பிழையை அறிந்துகொள்ளும் வழியின்றி அதன்படி நடந்து நஷ்டமடைகின்றார். வரியே இல்லாவிடில் அவர் அண்டை நிலத்தாரையாவது எழுதிக் காட்டச் சொல்லி விசாரிப்பார். பிழையான வரியோ, விசாரிக்க வேண்டிய அவசியமில்லை என்று அவரை நம்பச் செய்து விடுகின்றது.

ஒவ்வொரு படத்தையும் மனிதர் சரிபார்ப்பதென்றால் வேலை தேங்கும், பருவம் தவறிவிடும் என்பது மற்றோர் ஆட்சேபம். இதில் உண்மையில்லாமலில்லை, புகையான் பரவும் வாரத்தில் வெளிவர வேண்டிய படம் அறுவடைக்குப்பின் வந்து பயனில்லை. ஆனால் பத்து நிமிஷப் படத்தை வரிகளோடு ஒத்துப் பார்த்துத் திருத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டுவது அரிது. எல்லாவற்றையும் ஒரே கண்டிப்புடன் திருத்தவேண்டுமென்பதும் இல்லை. எழுத்துப் பிழை சில நின்றாலும் பாதகமில்லை. எண், அளவு, மருந்தின் பெயர், ரகத்தின் பெயர், 'கூடும்', 'கூடாது' என்னும் முடிவுகள் ஆகிய இவ்வைந்தும் தவறாமல் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும்.

இதற்கு இலாகா செய்யத்தக்கவை சிலவே. முதலாவது, பயிர், பூச்சி, நோய், உரம், ரகம் ஆகியவற்றின் பெயர்களை, வட்டார வழக்குகளோடு ஒரு ஜாபிதாவாகத் தயாரித்து வைக்க வேண்டும். சில யந்திர அமைப்புகள் அத்தகைய ஜாபிதாவை ஏற்றுக்கொண்டு அதற்கேற்ப எழுதக் கூடியவை. இரண்டாவது, பேசுபவர் ஒவ்வோர் அளவையும் நிறுத்தி இருமுறை சொல்லி, அதைப் பலகையிலும் எழுதிக் காட்ட வேண்டும். மூன்றாவது, அப்பயிரை அறிந்த உதவி அலுவலர் ஒருவர் வரிகளைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்ட பின்னரே படம் வெளிவர வேண்டும். நான்காவது, காது கேளாத குடியானவர் ஒருவரிடம் குரலின்றி அப்படத்தைக் காட்டி, அவர் புரிந்துகொண்டதை எழுதித் தரச் சொல்லிப் பார்த்தல் நலம். இதைவிடச் சிறந்த பரீக்ஷை வேறில்லை.

விதையை முளைப்புத்திறன் பாராமல் குடியானவருக்கு விற்பதை எந்த விதைப் பண்ணையும் அனுமதிப்பதில்லை. வயலில் இடத்தக்க சொல்லுக்கும் அவ்விதியே பொருந்தும். யந்திரம் விரைவாக எழுதித் தரட்டும். அது எழுதியதற்குப் பொறுப்பேற்பவர் மனிதராகவே இருத்தல் வேண்டும்.