மாணவனா, வாடிக்கைக்காரனா?

தேனாம்பேட்டை கே. பி. தாசன் சாலையில் ஒரு பெண்கள் கல்லூரி இருக்கிறது. நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955-ல் தொடங்கியது. இப்போது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது, ஆனாலும் எஸ்.ஐ.இ.டி. கல்லூரி என்றால்தான் ஆட்டோக்காரருக்கு விளங்கும்! பெண்கள், அதிலும் முஸ்லிம் பெண்கள், கல்லூரி வாசலை மிதிப்பதே அபூர்வமாயிருந்த காலம் அது. துணிந்து வந்த பெண்ணுக்கு மாணவி என்ற ஒரு பெயரே போதுமாயிருந்தது.

இன்று பள்ளிப் பிள்ளைக்கு இரண்டாவது பெயர் ஒன்று வந்திருக்கிறது. கைபேசியில் பாடம் விற்கும் கம்பெனியின் கணக்கில் அவன் வாடிக்கைக்காரன்.

இன்டர்நெட் மீது நமக்குப் பகை கிடையாது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றனவே, அது எவ்வளவு பெரிய உபகாரம்! நாம் கேட்பது வேறு. கம்பெனி என்றால் விற்பனை இலக்கு உண்டு. பணம் போட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த அவசரம் பாடத்துக்குள் புகுந்தால் என்ன ஆகும்?

பைஜூஸ் கதையைப் பாருங்கள். வகுப்பு நடத்திப் பெயர் வாங்கிய கேரளத்து வாத்தியார் ஒருவர் 2011-ல் தொடங்கிய கம்பெனி. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டதும் அங்கே பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. நம் கிரிக்கெட் வீரர்களின் சட்டையிலெல்லாம் அதன் பெயர்! 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே ஆண்டு டிசம்பரில், பெற்றோர்களைக் கடன் ஒப்பந்தங்களில் சிக்கவைப்பதாகப் புகார் கிளம்பி, குழந்தை உரிமை தேசிய ஆணையம் கம்பெனித் தலைவருக்குச் சம்மன் அனுப்பியது. கம்பெனி புகாரை மறுத்தது. 2024 ஜூலையில் திவால் வழக்கு விசாரணைக்கு ஏற்கப்பட்டது. வழக்குத் தொடுத்தவர் யார் தெரியுமா? 158 கோடி ரூபாய் பாக்கி கேட்ட அதே கிரிக்கெட் வாரியம்!

பணம் போனது போகட்டும். "உங்கள் பிள்ளை பின்தங்கிவிடுவான்" என்ற பயத்தைக் காட்டி விற்கப்படும் பாடத்தில் பிள்ளை முதலில் எதைக் கற்கிறான்? அடுத்த வீட்டுப் பையன் தனக்குப் போட்டிக்காரன் என்பதைத்தான். "இந்தக் கணக்கு எப்படியடா?" என்று அவனிடம் போய்க் கேட்கவே கூச்சம் வந்துவிடுகிறது.

அதே கொரோனாவுக்கு வேறொரு வைத்தியமும் இங்கே நடந்தது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குச் சுமார் 2 லட்சம் பேர் மாலையில் தெருத் திண்ணைகளில் பாடம் சொன்னார்கள். பெரும்பாலோர் பெண்கள். தேனாம்பேட்டையில் அந்தக் கல்லூரி எழுந்த காலத்தில், படித்த பெண் தெருவுக்கு ஒருத்தி கிடைப்பதே அரிது அல்லவா? அவர்கள் முன் பாய் விரித்து உட்கார்ந்த பிள்ளை யாருக்கும் வாடிக்கைக்காரன் அல்ல. தப்பாகச் சொன்னால் பக்கத்துப் பெண் சிரிக்கும். சரியாகச் சொன்னால் அக்கா முதுகில் தட்டுவாள்.

மாநகராட்சிப் பள்ளிகளில் மாலை 5 முதல் 7 வரை ஒரு வகுப்பறையை இதற்கென்று திறந்து வைக்க என்ன செலவாகிவிடும்? இரண்டு ட்யூப்லைட், ஒரு மின்விசிறி, அந்த அக்காவுக்கு 1,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு தொகை. மேயர் கவனிப்பாரா?