உழைப்பார் கல்வியும் கட்டணச் சலுகையும்

பகலெல்லாம் பட்டறையிலும் பண்டகசாலையிலும் உழைத்து, மாலையிற் புத்தகமேந்திக் கல்லூரி புகுவாரின் அருமை, பெற்றோர் பொருளாற் கவலையின்றிப் பயிலும் எம்போன்றார்க்கு எளிதில் விளங்குவதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே அத்தகையாரையும் ஏற்றுக் கற்பிப்பன சமுதாயக் கல்லூரிகள். அவற்றிற் பயிலுந் தொழிலாளர், தமக்கு வேலையளிப்போர் வாயிலாகப் பெறுங் கட்டணச் சலுகையைப் பற்றி ஈண்டுச் சில கூறப் புகுந்தோம். சலுகை நன்றே, ஆயினும் அது கற்பவனைப் பற்றி நில்லாது, அவனது வேலையைப் பற்றி நிற்றல் பெருங்குறை என்பதே எமது துணிபு.

இவ்வகைப் பொதுக் கல்லூரிகளுள் முற்பட்டது, 1901-ஆம் ஆண்டில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரில் ஆறே மாணவருடன் தொடங்கிய கல்லூரியாகும். அந்நகரத்து உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரௌனும், சிக்காகோப் பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் அதற்கு வித்திட்டோர். குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இத்தகைய கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குதல் வேண்டுமென 1947-இல் அறிவுறுத்திற்று. இன்று அவை ஆயிரத்திற்கு மேற்பட்டு விளங்குகின்றன. ஈராண்டுப் பட்டமும் தொழிற் சான்றிதழும் அளித்து, மாலை வகுப்புகளும் நடத்துகின்றன.

இவற்றுட் பல, ஒவ்வொரு வட்டாரத்தாரும் செலுத்தும் சொத்து வரியைத் துணையாகக் கொண்டு நடப்பன. ஆதலின் அவ்வட்டாரத்துக் குடிகளுக்குக் கட்டணங் குறைவு. மாநிலத்தின் பிற வட்டாரத்தார்க்கு அதனின் மிகுதி. பிற மாநிலத்தார்க்குப் பெரும்பாலும் இன்னும் மிகுதி. இனி, எல்லைக்கு அப்பால் வாடகை மலிந்த ஊரிற் குடியிருந்து, எல்லைக்கு உள்ளே வேலை செய்வான் ஒருவனை நினைமின். அவன் உழைக்கும் ஆலை அவ்வட்டாரத்திற்கு வரி செலுத்துகின்றது. அவ்வாலையை வளர்ப்பது அவன் வியர்வை. அவனை அயலான் என்பது முறையாகுமோ? இல்லினாய்ஸில் உள்ள கல்லூரிகள் பல இதனை உணர்ந்து, வட்டாரத்துள் வாரம் 35 மணி நேரமேனும் வேலை செய்வோர், வேலையளிப்பவரின் சான்று காட்டின், உள்வட்டாரக் கட்டணமே செலுத்தலாமென இசைந்துள்ளன. இஃது ஈகையன்று, நீதியே.

இதனோடு, கட்டணத்தை வேலையளிப்போரே ஏற்கும் வழக்கமும் அங்கு உண்டு. அவ்வாறு அளிக்கும் பொருளைத் தொழிலாளனது வருமானமாகக் கருதி வரி விதித்தல் ஆகாதென 1978-இல் ஒரு சட்டம் பிறந்தது. அவ்விலக்கிற்கு 1986-இல் வகுத்த ஆண்டெல்லை 5,250 டாலர். விலைவாசி பன்மடங்கு ஏறியும் அத்தொகை நாற்பது யாண்டளவும் அசையாது நின்றது. 2026-க்குப் பின் விலைவாசிக்கேற்ப அஃது உயர்வதற்கு 2025-இல் இயற்றிய சட்டமே வழி செய்தது.

இத்துணை நலமுள்ள ஏற்பாட்டிற் குறைகள் யாவை? ஓரிடத்தில் 20 மணி, மற்றோரிடத்தில் 20 மணி என இரண்டு வேலை பார்ப்பவன் வாரம் 40 மணி உழைத்தும், ஒரு வேலையையே அளவாகக் கொள்ளும் விதியால் முழுவேலையாளன் ஆகான். மேலும், வேலையளிப்போர் பலர் கட்டணத்தை முன்னரே செலுத்துவதில்லை. தொழிலாளன் தன் கையினின்று செலுத்தித் தேர்ச்சி பெற்ற பின்னரே அதனை மீட்டுக் கொடுக்கின்றனர். கையிற் பொருளில்லாதவன் படிப்பைத் தொடங்குவதெங்ஙனம்? உதவி எவனுக்கு மிகவும் வேண்டுமோ, அவனுக்கே அதன் கதவு அடைபடுகின்றது.

இவற்றினுங் கொடிது ஒன்றுண்டு. ஆலை ஆட்குறைப்புச் செய்கின்றது. தொழிலாளன் கூலியை இழக்கின்றான். கூலியுடன் சான்றுக் கடிதத்தையும் இழக்கின்றான். அடுத்த பருவத்தில் அயலார் கட்டணம் அவன் தலைமேல் விழுகின்றது. புதுத்தொழில் கற்றாலன்றிப் பிழைக்க வழியில்லாத அந்நாளிலேதான் கல்வி அவனுக்கு எட்டாக் கனியாகின்றது. மழை பெய்யுங்கால் மடங்கிவிடுங் குடையால் யாது பயன்?

‘எம் பொருளாற் கற்றவன் நாளை வேறிடஞ் செல்வானாயின், எமக்கு நட்டமன்றோ?’ என்று வேலையளிப்போர் வினவலாம். அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று. ஆயின், அவர் கைப்பொருள் வேறு, கல்லூரி குறைக்குங் கட்டணம் வேறு. முன்னதற்கு அவர் எல்லை வகுக்கலாம். பின்னதனால் அவர்க்கு ஒரு காசும் செலவில்லை. வரி விலக்கினால் அவருதவியிலும் பொதுமக்கள் பொருள் ஒருவாற்றாற் கலந்துள்ளது என்பதும் மறக்கற்பாலதன்று.

ஆகவே யாம் வேண்டுவன மூன்று. உள்வட்டாரக் கட்டணத்திற் சேர்ந்த தொழிலாளன், வேலை போயினும், தொடங்கிய படிப்பை அக்கட்டணத்திலேயே முடித்தல் வேண்டும். பல வேலைகளின் மணி நேரங்களைக் கூட்டிக் கணக்கிடுதல் வேண்டும். வேலையளிப்போர் தம் உதவியைப் பருவத் தொடக்கத்திலேயே கல்லூரிக்குச் செலுத்துதல் வேண்டும்.

இக்கல்லூரியிற் பயின்று சென்ற பெரியோருட் பலர் இன்று பலர்க்கு வேலையளிக்கும் நிலையில் உள்ளனர். நம்முட் சிலரும் நாளை அந்நிலை எய்துவர். நம்மிடம் வேலை செய்வான் ஒருவன் கற்க விரும்பினால், அவனுக்கு உதவுதல் கடமை. அவ்வுதவியை நம்மிடமே அவனைப் பிணிக்குந் தளையாக்காமல், நம்மை நீங்கிய பின்னும் அவனுக்குத் துணையாகுமாறு அமைத்தல் அதனினும் பெருங்கடமை.