கணக்கு வைக்காதவர்கள் கணக்குக் கேட்பதா?



மூடிய பானைக்குள் என்னென்ன போட்டோம் என்பதைப் போட்டவரே மறந்துவிட்டால், அதைத் திறக்கப் போகிறவன் கதி என்ன? அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஹான்ஃபோர்டு என்னும் இடத்தில், தொழிலாளர்கள் கேட்கும் கேள்வி இது.

1945இல் நாகசாகியைச் சுட்டெரித்த குண்டுக்குப் புளூட்டோனியம் தந்த ஆலை அது. கதிரியக்கக் கழிவை மண்ணுக்கடியில் 177 தொட்டிகளில் அடைத்தார்கள். 5 கோடி காலனுக்கும் மேல்! அமிலம், காரம், உப்பு, கரைப்பான் எல்லாம் கலந்த சேறு அது. எந்தத் தொட்டியில் எது, எவ்வளவு? முழுக் கணக்கு இல்லை!

கணக்கு இல்லாவிட்டால் என்ன? கரிமப் பொருள் விறகு போன்றது. நைட்ரேட் உப்பு அது எரிவதற்கு ஆக்சிஜன் கொடுப்பது. இரண்டும் உலர்ந்து சூடேறினால் வெடிமருந்து! 1957 செப்டம்பர் 29 அன்று சோவியத் நாட்டின் மயாக் ஆலையில், குளிரூட்டல் பழுதுபட்ட தொட்டியில் நைட்ரேட்டும் அசிட்டேட்டும் கலந்த கழிவு வெடித்தது. பத்தாயிரம் பேருக்கு மேல் ஊரிழந்தார்கள். 1989 வரை அரசு அதை ஒப்புக்கொள்ளவில்லை. கொடியின் நிறம் எதுவானாலும் மறைத்தவர்கள் மேலே, அவதிப்பட்டவர்கள் கீழே!

ஹான்ஃபோர்டில் 1990இல் சட்டம் வந்த பிறகே, ஆபத்தான தொட்டிகளுக்குப் பட்டியல் போட்டார்கள். சேற்றை எடுத்துச் சோதித்தார்கள். பல ஆண்டுக் கதிர்வீச்சே கரிமப் பொருளைச் சிதைத்து, எரியும் வலுவைக் குறைத்திருந்தது. 1998இல் அந்த வெடி ஆபத்து தீர்ந்ததாக அறிவித்தார்கள். நல்லது!

ஆனால் ஆவி தீர்ந்ததா? தொட்டிகளிலிருந்து கசியும் ஆவியைச் சுவாசித்தவர்களுக்கு இருமல், தலைவலி, மூக்கில் இரத்தம்! ஆவிக்கும் நோய்க்கும் தொடர்பு இருப்பதையே சான்றுகள் வலுவாகக் காட்டுகின்றன என்று 2014இல் நிபுணர் குழுவே சொன்னது.

நோயுற்ற தொழிலாளி நட்டஈடு கேட்டால், "எந்த ஆவி, எந்த நாள், எவ்வளவு? நிரூபி!" என்றார்கள். தொட்டிக்குள் இருப்பது என்ன என்று ஆண்டைக்கே தெரியாதபோது, அடிமட்டத் தொழிலாளி எப்படி நிரூபிப்பான்?

2018இல் வாஷிங்டன் மாநிலம் சட்டத்தைத் திருப்பிப் போட்டது. குறிப்பிட்ட நோய்கள் வந்தால் வேலையால் வந்தவை என்றே கொள்ள வேண்டும். இல்லையென்றால் எதிர்த்தரப்பே நிரூபிக்க வேண்டும்! மத்திய அரசு வழக்காடியது. அந்தச் சட்டம் மத்திய அரசிடம் பாரபட்சம் காட்டுகிறது என்று 2022 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதாக்கியது. ஆனால் மாநிலமோ அதற்கு முன்பே, அதே ஆண்டில், புதிய சட்டம் செய்து வைத்திருந்தது!

தோழர்களே, சாயப்பட்டறையானாலும் உரத் தொழிற்சாலையானாலும் நியாயம் ஒன்றுதான். தொட்டிக்குள் இருப்பதை எழுதி வைப்பது ஆலையின் கடமை. அதைப் படித்துப் பார்ப்பது தொழிலாளியின் உரிமை. கணக்கு வைக்காதவர்கள், மூச்சுத் திணறுகிறவனிடம் கணக்குக் கேட்கக் கூடாது!